பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு லேப்டாப்: டர்பனிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

நாலு வருடத்துக்கு முன், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மகனுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கிடைத்த சந்தோஷத்தில், மேட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) ரிசல்ட் வந்த மறுநாளே ஒரு கடையில் வாங்கியது. "தம்பி, புதுசுதான். ஆனா வகுப்புல சொன்ன சாஃப்ட்வேர் ஏற மாட்டேங்குதாம்" என்றார்.

போட்டுப் பார்த்தேன். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, செலரான் ப்ராசசர். பெரிய திரை, வெள்ளி நிறத்தில் பளபளக்கும் மூடி. ரேமையாவது கூட்டலாம் என்று அடிப்பலகையைக் கழற்றினால், ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது.

நான் டிராயிங் ஆபீஸில் வேலை செய்கிறவன். நாள் முழுக்க கேட் (கணினியில் வரைபடம் வரையும்) மென்பொருளோடுதான் என் பிழைப்பு. அன்றிலிருந்து, கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விலை கூடிய லேப்டாப்பைத் தேடாதீர்கள். திறந்தால் வளர இடம் இருக்கிற லேப்டாப்பைத் தேடுங்கள். எப்படித் தேடுவது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: பொறுங்கள்

இந்த ஊரில் மேட்ரிக் ரிசல்ட் ஜனவரி நடுவில் வருகிறது. பிப்ரவரியில் வகுப்பு தொடங்கிவிடுகிறது. நடுவில் இருக்கும் அந்த மூன்று நான்கு வாரத்தில்தான் கடைகள் எல்லாம் 'பேக் டு ஸ்கூல்' பலகை மாட்டுகின்றன. வீட்டில் எல்லாருக்கும் கை அரிக்கிறது. அந்த நேரத்தில் கடைக்குப் போகாமல், முதலில் இரண்டு காகிதங்களைக் கையில் வாங்குங்கள்.

ஒன்று, பிள்ளை சேரும் துறையின் லேப்டாப் பரிந்துரை. க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகமோ, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமோ, ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) விட்ஸ் பல்கலைக்கழகமோ, பிரிட்டோரியாவோ, எங்கே சேர்ந்தாலும் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். என்னென்ன மென்பொருள் பயன்படும்? அவை வளாகத்துக் கணினிக்கூடத்திலேயே இருக்கின்றனவா? மாணவர் வீட்டுக் கணினியில் போட்டுக்கொள்ள உரிமம் தருகிறீர்களா? அதே கேள்வியை இரண்டாம், மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு மாணவரிடமும் கேளுங்கள். எது உண்மையில் பயன்படுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, பர்சரி (படிப்பு உதவித்தொகை) கடிதம். சில பர்சரிகள் லேப்டாப்பையே கொடுத்துவிடுகின்றன. சில, புத்தகப் பணத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்கின்றன. கடிதத்தைப் படிக்காமல் வாங்கிவிட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை செலவு. முதல் மாதத்தைக் கணினிக்கூடத்தில் ஓட்டிவிடலாம், அதனால் மார்க் குறையாது.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு வேர் எம். எல். சுல்தான் பெயரில் நடந்த கல்லூரி. ஒப்பந்தக் கூலியாக மலபாரிலிருந்து வந்து, உழைத்துச் சேர்த்ததை இந்தியப் பிள்ளைகளின் தொழிற்கல்விக்குக் கொடுத்த மனிதர் அவர். 2002இல் அது நட்டால் டெக்னிக்கானோடு இணைந்தது. அந்த வழியில் வந்த நம் வீட்டுப் பணம் ஒரு ராண்டுகூட வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

இரண்டாம் படி: துறை எது, மென்பொருள் எது

மெக்கானிக்கல் என்றால் சாலிட்வொர்க்ஸ் அல்லது இன்வென்டர் வரும். சிவில் என்றால் ஆட்டோகேட், சிவில் 3டி, ரெவிட். கட்டமைப்புக் கணக்குக்கு இந்த நாட்டிலேயே பிறந்த ப்ரோக்கான். எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக் பிள்ளைகளுக்கு மேட்லேப், எல்டிஸ்பைஸ். சர்க்யூட் போர்டு வரைய கேஐகேட். எஃப்பிஜிஏ (நாமே உள்ளமைப்பை மாற்றி எழுதக்கூடிய சிப்) பாடம் வந்தால் விவாடோ வேறு. அது ஒன்றே டிஸ்கில் பத்து பத்தாக ஜிபியை விழுங்கும். கெமிக்கலுக்கு ஆஸ்பென்; அது பெரும்பாலும் வளாகத்துக் கணினியில்தான் இருக்கும்.

இந்தப் பெயர்களைப் பார்த்தாலே ஒன்று தெரியும். சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், ரெவிட், சிவில் 3டி எல்லாம் விண்டோஸில் மட்டும் ஓடுபவை. ஆட்டோகேட்டும் மேட்லேப்பும் மேக்கிலும் ஓடும், ஆனால் அந்த இரண்டை வைத்து நாலு வருடத்தைக் கடக்க முடியாது. மேக்புக் அருமையான கருவி, ஐயமில்லை. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை துறையைக் கேட்டுவிட்டு வாங்கட்டும். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு வேண்டாம். குரோம்புக் யாருக்குமே வேண்டாம்.

ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களும் 2024இலிருந்து கடைகளில் நிறைய வந்திருக்கின்றன. பேட்டரி நன்றாக நிற்கும், எடையும் குறைவு. ஆனால் அவற்றின் சிப் ஏஆர்எம் வகை. இன்டெல், ஏஎம்டிக்கு எழுதப்பட்ட பொறியியல் மென்பொருள்கள் பல அதில் தடுமாறும், சில ஏறவே ஏறாது. விற்பனையாளர் என்ன சொன்னாலும் பெட்டியில் இன்டெல் அல்லது ஏஎம்டி என்று இருக்கிறதா பாருங்கள்.

மென்பொருளுக்குக் கடையில் காசு கொடுக்காதீர்கள். ஆட்டோடெஸ்க், மாணவர் என்று சரிபார்த்துவிட்டு இலவசமாகத் தருகிறது. வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். வேர்ட், எக்செல் பெரும்பாலும் பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சேர்ந்தே வந்துவிடும். "எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தர்றோம்" என்று சொல்லும் இடத்தில் கிடைப்பது திருட்டுப் பிரதி. அதோடு வைரஸும் வரும்.

மூன்றாம் படி: ரேம்

அதிகம் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான்.

முதல் வருடத்துக்கு 8 ஜிபி ஒப்பேறும். இரண்டாம் வருடம் 3டி மாடல், பத்துப் பதினைந்து குரோம் பக்கம், ஒரு பிடிஎஃப் பாடப்புத்தகம் எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும்போது மூச்சுத் திணறும். சாலிட்வொர்க்ஸே 16 ஜிபியை ஆரம்பமாகச் சொல்கிறது. கடைசி வருடப் ப்ராஜெக்டில் சிமுலேஷன் ஓட்டினால் 24, 32 என்று ஆசை வரும். இதை எல்லாம் முதல் நாளே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வாங்கும் லேப்டாப்பில் ரேம் கூட்ட இடம் இருந்தால் போதும்.

அதை எப்படித் தெரிந்துகொள்வது? விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர் என்று தொடங்கினால் அநேகமாகப் போர்டோடு பற்றவைத்தது. அதை மாற்ற முடியாது. டிடிஆர்4, டிடிஆர்5 என்று மட்டும் இருந்தால் கழற்றக்கூடியதாக இருக்க வாய்ப்புண்டு. உறுதி செய்ய, கடையில் ஓடிக்கொண்டிருக்கும் மாதிரியிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டுங்கள். கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும். அங்கே 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்தது. பக்கத்திலேயே, இருக்கும் ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். 'இரண்டில் ஒன்று' என்று இருந்தால் அந்த லேப்டாப்பைத் தள்ளி வைக்காதீர்கள்.

சில மாடல்களில் பாதி பற்றவைத்து, பாதிக்கு ஒரு ஸ்லாட் விட்டிருப்பார்கள். அதுவும் பரவாயில்லை. முழுவதும் பற்றவைத்தது என்றால் 16க்குக் குறைந்து வாங்கவே கூடாது.

அந்த அக்காவின் இரண்டாவது மகளுக்கு சிவில் கிடைத்தபோது நாங்கள் செய்தது இதுதான். 8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி. போன வருடம் ரெவிட் தொடங்கியதும் அவர்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்தோம். அடியில் பத்துத் திருகு, இரண்டு மட்டும் நீளமானவை. எது எந்தக் குழியிலிருந்து வந்தது என்று மறக்காமல் இருக்க, பாட்டி ஒரு இட்லித் தட்டை நீட்டினார். குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தோம். பழைய ஏடிஎம் அட்டையால் விளிம்பைச் சுற்றி நெம்பினால் அடிப்பலகை கழன்றது. உள்ளே பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிட்டு, புது ரேமை அந்தப் பெண்ணே சாய்வாக ஸ்லாட்டுக்குள் செருகி, மெல்லக் கீழே அழுத்தினாள். இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடித்தன. இருபது நிமிட வேலை. பாட்டி கேட்டார்: "அவ்வளவுதானா? அன்னைக்கு அண்ணனுதுக்கு ஏன் முடியல?" அதற்கு என்ன பதில் சொல்ல?

ரேம் வாங்கும்போது இருக்கிறதன் வகையைப் பார்த்து வாங்குங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது. ரேம் விலை ஏறி இறங்கும், ஆகையால் குறையும் மாதத்தில் வாங்கி வைக்கலாம். ஸ்லாட் இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வசதி.

நான்காம் படி: ப்ராசசர், டிஸ்க், கிராஃபிக்ஸ்

ஐ7 என்றால் ஐ5ஐ விட வேகம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். எண்ணின் கடைசியில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். யு என்றால் மின்சாரம் சிக்கனம், வேகம் மிதம். எச் என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம். எச் போட்ட ஐ5, யு போட்ட ஐ7ஐ நீண்ட நேரக் கணக்குகளில் முந்திவிடும். 2023 கடைசியிலிருந்து இன்டெல் 'அல்ட்ரா 5', 'அல்ட்ரா 7' என்று பெயர் மாற்றியிருக்கிறது. அங்கேயும் எழுத்தின் கதை இதேதான். ஏஎம்டி ரைசன் 5, 7 இரண்டும் தாராளமாகப் போதும். செலரான், பென்டியம், இன்டெல் என்100 மாதிரியானவை பள்ளிக்கூடத்துக்குச் சரி, பொறியியலுக்குப் பற்றாது.

டிஸ்க் 512 ஜிபி எஸ்எஸ்டி, என்விஎம்இ என்ற வேகமான வகை. மெதுவான, மலிவான சேமிப்பைக் குறிக்கும் 'இஎம்எம்சி' என்ற எழுத்துகளைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வரும். பையன் கேமிங் லேப்டாப் கேட்பான், "ப்ராஜெக்டுக்கு வேணும்" என்பான். படிப்பில் வரும் மாடல்கள் சில பத்துப் பாகங்கள் கொண்டவை. இன்றைய ப்ராசசரில் கூடவே வரும் கிராஃபிக்ஸ் அதைத் தாங்கும். சிமுலேஷன் பெரும்பாலும் ப்ராசசரையும் ரேமையும்தான் தின்கிறது. ரெவிட்டில் கட்டடம் முழுக்க ரெண்டர் செய்கிறவர்களுக்கும், மெஷின் லேர்னிங் பக்கம் போகிறவர்களுக்கும் என்விடியா கார்டு உதவும், உண்மை. மற்றவர்கள் அந்தப் பணத்தை ரேமுக்கும் நல்ல திரைக்கும் ஒதுக்கலாம். கேமிங் லேப்டாப் சார்ஜரோடு சேர்ந்து மூன்று கிலோ வரும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஹோவர்ட் காலேஜ் மேட்டில் தினம் ஏறி இறங்கப் போவது அந்தப் பிள்ளைதான்.

ஐந்தாம் படி: கரண்ட் போனால்?

இந்த நாட்டில் லேப்டாப் வாங்குகிறவர் இதைக் கேட்டே ஆகவேண்டும். 2023இல் 300 நாளுக்கு மேல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) இருந்தது. பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் எஸ்காம்-சே-புஷ் செயலியைப் பார்த்துப் பார்த்துப் படித்தார்கள். 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரும்பாலும் நின்றுவிட்டது. 2025இல் சில நாள் தலைகாட்டியது. ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று சில பகுதிகளில் மணிக்கணக்கில் போய்த்தான் வருகிறது.

பேட்டரியை 'பத்து மணி நேரம்' என்ற விளம்பரத்தை வைத்து எடைபோடாதீர்கள். பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று சொல்லும் வாட்-அவர் எண்ணைப் பாருங்கள். 50 வாட்-அவர் பேட்டரி, குறிப்பு எழுதவும் படிக்கவும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வரும். அதே பேட்டரி கேட் வேலையில் இரண்டு மணி நேரம் தாங்கினால் அதிகம். 40க்கும் கீழே போக வேண்டாம், 60க்கு மேல் கிடைத்தால் நல்லது.

அதைவிட முக்கியம், யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்பது. ஏறும் என்றால் 65 வாட் பவர் பேங்க் ஒன்று போதும், கரண்ட் போன மாலையும் அசைன்மென்ட் முடிந்துவிடும். சார்ஜர் தொலைந்தால் நண்பனுடையதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

கரண்ட் திரும்பி வரும் நொடியில் மின்னழுத்தம் எகிறும். அதில் சார்ஜர் போன வீடுகள் எனக்குத் தெரியும். சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்காமல் லேப்டாப் மட்டும் வாங்காதீர்கள். ஜோபர்க் பக்கம் கோடைச் சாயங்காலங்களில் இடி இறங்கும்போது பிளக்கையே பிடுங்கிவிடுவது உத்தமம்.

திரையைப் பற்றிச் சுருக்கமாக: 1920க்கு 1080 புள்ளிகள் குறைந்தபட்சம், பக்கவாட்டில் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் வகை. கோடுகளைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்காரும் படிப்பு இது. பக்கவாட்டில் எண்பலகை இருந்தால் அளவுகளைத் தட்டக் கை வலிக்காது.

ஆறாம் படி: புதியதா, புதுப்பித்ததா

பணம் குறைவாக இருந்தால், மலிவான புது லேப்டாப்பை விட அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகளை வாங்குங்கள். உறுதியான உடம்பு, நல்ல கீபோர்டு. பல மாடல்களில் ரேம் ஸ்லாட்டும் உண்டு. என் வீட்டுப் பிள்ளைக்கென்றால் நான் இதைத்தான் வாங்குவேன்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும்; ஐ5-8250 என்றால் அந்த 8தான் தலைமுறை. ஏழாம் தலைமுறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விடுங்கள். பேட்டரியையும் சோதிக்க வேண்டும். விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். டிசைன் கெபாசிட்டி (புதிதில் கொண்ட அளவு) 50,000 என்றிருந்து ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது கொள்ளும் அளவு) 30,000தான் என்றால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஏழாம் படி: பணம் கொடுக்கும் முன்

கையில் 10,000 ராண்ட் இருந்தால் 8,500க்குள் லேப்டாப் பாருங்கள். மிச்சம் சர்ஜ் ப்ரொடெக்டருக்கும் வெளி டிஸ்குக்கும் பைக்கும். அவசரம் இல்லாதவர்கள் முந்தின நவம்பரில் வரும் பிளாக் ஃப்ரைடேயில் வாங்கலாம். ஆனால் அதே மாடலின் அக்டோபர் விலையைக் குறித்து வைத்திருந்தால்தான் தள்ளுபடி நிஜமா என்று தெரியும்.

தவணையில் வாங்குகிறவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. வட்டி, சேவைக் கட்டணம், கடன் காப்பீடு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கடன் சட்டப்படி கையெழுத்துக்கு முன் அந்தக் கணக்கைக் கொடுத்தே ஆகவேண்டும். சிறிய கடன்களில் அந்தக் கணக்கு ஐந்து வேலை நாள் செல்லும். வீட்டுக்கு எடுத்துப் போய், ரொக்க விலையோடு வைத்துப் பாருங்கள். டேட்டாவோடு சேர்த்து 24, 36 மாத ஒப்பந்தத்தில் தரும் லேப்டாப்களுக்கும் இதே கணக்குதான்.

2008ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால், பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று தீர்மானிப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. இணையத்தில் வாங்கினால், வேறொரு சட்டப்படி, பொருள் வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம்; அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. கடையில் நேரே வாங்கிவிட்டு 'மனசு மாறிவிட்டது' என்றால் சட்டம் உதவாது.

ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி இந்தியாவிலிருந்து வரவழைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சார்ஜர் இங்கேயும் வேலை செய்யும். பிளக்தான் நம் பெரிய மூன்று உருண்டை முள்ளுக்குப் பொருந்தாது, அதற்கு வயர் மாற்றினால் போதும். ஆனால் வாரன்டி பல சமயம் அந்த நாட்டோடு நின்றுவிடும், சுங்கத்திலும் சொல்ல வேண்டி வரும். நாலு வருடம் உழைக்க வேண்டிய பொருளை இங்கேயே வாங்குவது நல்லது.

கடையில் கையில் எடுத்ததும் மூடியைத் திறந்து மூடுங்கள். கீல் முனகக் கூடாது. கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்துங்கள், பள்ளம் விழக் கூடாது. எல்லா எழுத்தையும் ஒரு முறை தட்டுங்கள். விண்டோஸ் 'எஸ் மோட்' என்று இருக்கிறதா கேளுங்கள். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வரும் செயலிகள் மட்டுமே ஏறும். அந்த ஸ்டோருக்குள் போய் எஸ் மோடிலிருந்து இலவசமாக வெளியேறிவிடலாம், காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த அன்று

விண்டோஸ் அப்டேட்டை முடித்துவிட்டு, டிஸ்க் பூட்டின் மீட்புச் சாவி எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பாடக் கோப்புகள் பல்கலைக்கழகம் தரும் ஒன்டிரைவில் ஒரு பிரதி, வெளி டிஸ்கில் ஒரு பிரதி.

அப்புறம், திருட்டு. லேப்டாப் பை மாதிரி தெரியாத சாதாரணப் பையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். காரில் போனால் ஏறும் முன்பே டிக்கியில் வைத்துவிட வேண்டும், ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) நிற்கும்போது சீட்டில் கிடக்கக் கூடாது. வீட்டுக் காப்பீடு இருக்கிறவர்கள், வீட்டுக்கு வெளியேயும் செல்லும்படி லேப்டாப்பை 'ஆல் ரிஸ்க்' பகுதியில் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். பதியாவிட்டால் பஸ்ஸில் போனதற்கு ஈடு கிடைக்காது. போலீஸும் காப்பீடும் முதலில் கேட்பது சீரியல் எண்ணை. அதை அடிப்பலகையிலிருந்து போனில் படம் எடுத்து வையுங்கள். ரசீதையும் கூடவே படம் எடுங்கள். அந்தக் காகிதத்தில் அச்சாகும் எழுத்து டர்பன் வெக்கையில், டிராயருக்குள் கிடந்தாலும், ஒரு வருடத்தில் வெளுத்துப்போகிறது.